உங்கள் திருவிழா எப்போது? நாகாலாந்தில் எட்டு நாள்

நவம்பர் 30, திமாப்பூர் – கோஹிமா

நாகாலாந்துக்குள் நுழைய இந்தியக் குடிமக்களும் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். இன்னர் லைன் பெர்மிட் எனப்படும் இந்த அனுமதி, 1873இல் ஆங்கிலேயர் வகுத்த எல்லைப்புற ஒழுங்குமுறையின் எச்சம். மலையைச் சமவெளி வணிகர்களிடமிருந்து பிரித்துவைக்க அன்று போடப்பட்ட அந்த எல்லைக்கோட்டை, இன்று மலைமக்களே தங்கள் நிலத்துக்கும் பண்பாட்டுக்கும் காப்பாகக் கருதி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இணையத்தில் விண்ணப்பித்து வாங்கிய சீட்டைத் திமாப்பூரில் காட்டிவிட்டு வெளியே வந்தபோது காலை ஒன்பது மணி.

திமாப்பூர் சமவெளி நகரம். மாநிலத்தின் முதன்மை ரயில் நிலையமும் விமான நிலையமும் இங்கேதான் உள்ளன. மலையேறும் முன் கச்சாரி அரசின் இடிபாடுகளைப் பார்த்தேன். மனிதனை விஞ்சிய உயரத்தில், காளான் குடை போன்ற தலையோடு மணற்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன; அவற்றின் மேல் பூக்களும் விலங்குகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் அஹோம் படைகளிடம் வீழும்வரை இது டிமாசா கச்சாரி மன்னர்களின் தலைநகராக இருந்தது. நாகாலாந்து என்றால் நாகர்கள் மட்டுமே என்று எண்ணிவருபவருக்கு, வாசலிலேயே வேறொரு மக்களின் தலைநகரம் எதிர்ப்படுகிறது. கச்சாரியரும் குக்கியரும் காரோக்களும் இம்மாநிலத்தின் பழங்குடிப் பட்டியலில் இன்றும் இருக்கிறார்கள்.

மாநிலத் தலைநகரான கோஹிமாவுக்கு எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலை அகலப்படுத்தப்பட்டுவருவதால் பாதி வழி புழுதியும் மீதி வழி வளைவுகளுமாகக் கழிந்தது. மாலை நான்கரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிட்டது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதன் பொருள் கிழக்கே வந்தால்தான் புரிகிறது.

டிசம்பர் 1, கிசாமா

இன்று நாகாலாந்து மாநிலம் உருவான நாள். 1963 டிசம்பர் 1ஆம் நாள் இந்தியாவின் 16ஆவது மாநிலமாக இது பிறந்தது. அதே நாளில்தான் இருவாச்சித் திருவிழாவும் தொடங்குகிறது. ஊரார் அதை ஹார்ன்பில் என்றே சொல்கிறார்கள். மாநில அரசு 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்விழா, முதலில் ஒரு வாரமாக இருந்து, பின்னர் பத்து நாள் விழாவாக வளர்ந்தது.

விழா நடக்கும் கிசாமா, கோஹிமாவுக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில், ஜாப்ஃபு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கிக்வேமா, ஃபேசாமா என்னும் இரண்டு ஊர்களின் நிலத்தில் அமைந்ததால், அவற்றின் பெயர்களிலிருந்து ஓரிரு எழுத்தை எடுத்து, ஊர் என்று பொருள்படும் 'மா'வைச் சேர்த்துக் கோத்த பெயர் இது. பெயரைப் போலவே இடமும் கோத்தெடுத்ததுதான். சரிவு முழுவதும் ஒவ்வொரு பழங்குடிக்கும் ஒரு மொருங், அதாவது இளைஞர் மனை, அந்தந்த மக்களின் கட்டடமுறையில் எழுப்பப்பட்டுள்ளது.

மாலைத் தொடக்க விழாவில் ஒவ்வொரு குழுவாக அரங்கத்துக்குள் இறங்கியது. கருப்பும் சிவப்பும் வெள்ளையுமான போர்வைகள், காட்டுப்பன்றிக் கொம்பு மாலைகள், கையில் ஈட்டியும் தாவோ எனப்படும் அகன்ற வெட்டுக்கத்தியும், தலையில் வெள்ளையிடையே கருப்புப் பட்டை ஓடும் இருவாச்சி வால் இறகுகள் என அணியணியாக வந்தார்கள். இறகுகளில் பல செயற்கையானவை என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். இருவாச்சி அருகிவிட்ட காரணத்தால், பறவையின் பெயரால் நடக்கும் விழாவில் பறவையைக் கொன்று அணிவது பொருந்தாது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஒப்பனை என்று இதைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

என்றாலும் ஒரு கேள்வி அங்கேயே எழுந்தது. ஒரு குழு விதைப்புப் பாட்டைப் பாடியது. அடுத்தது அறுவடைப் பாட்டைப் பாடியது. டிசம்பரில் விதைப்பும் இல்லை, அறுவடையும் முடிந்துவிட்டது. அப்படியானால் இந்தப் பாட்டுகள் தம் ஊர்களில், தம் பருவத்தில் எப்போது பாடப்படுகின்றன? நாளை ஒவ்வொரு மொருங்கிலும் இதையே கேட்பது என்று முடிவு செய்தேன்.

டிசம்பர் 2, மொருங்குகள்

காலை எட்டு மணிமுதல் வெளிச்சம் மங்கும்வரை மொருங் மொருங்காக ஏறி இறங்கினேன். மொருங் என்பது அசாமியச் சமவெளியிலிருந்து வந்து எல்லோருக்கும் பொதுவான சொல். ஆவோ மக்கள் அதை அரிஜு என்கிறார்கள். லோத்தாக்கள் சம்போ என்கிறார்கள். கொன்யாக்குகளுக்கு அது பான். இங்கே ஒருவரின் தாய்மொழி அடுத்த பள்ளத்தாக்கில் புரியாது. அரசு அலுவலுக்கு ஆங்கிலமும், சந்தைக்கு அசாமியத்திலிருந்து கிளைத்த நாகமீசும் என்று ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய நாளில் மணமாகாத இளைஞர்கள் மொருங்கில்தான் உறங்கினார்கள். காவல், வேட்டை, கதை, பாட்டு, மரம் செதுக்குதல், மூத்தோரிடம் நடந்துகொள்ளும் முறை ஆகிய அனைத்தையும் அங்கேதான் கற்றார்கள். பள்ளிக்கூடமும் படைவீடும் ஒன்றாக இருந்த இடம் அது.

"உங்கள் திருவிழா எப்போது?" என்று கேட்டேன். இளைஞர்கள் தேதியைச் சொன்னார்கள். முதியவர்களோ ஏறக்குறைய எல்லோருமே பயிரைச் சொன்னார்கள். கொன்யாக் மொருங்கில் கிடைத்த விடை, "புனத்தில் விதை விழுந்த பிறகு" என்பது. அதுதான் ஏப்ரல் முதல் வாரத்தில் வரும் ஆவோலிங், அவர்களின் ஆண்டுத் தொடக்கம். காட்டை வெட்டி, காயவைத்து, எரித்து, சாம்பல் மண்ணில் விதைக்கும் ஜூம் வேளாண்மை இன்னும் இம்மலைகளில் நடக்கிறது. அதற்குச் சங்கப் பாடல்களின் 'புனம்' என்ற சொல்லைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. தினைப்புனம் காத்த குறிஞ்சி மக்களைப் படித்தே வளர்ந்த நமக்கு, இங்கே சரிவில் கரிந்து நிற்கும் அடிமரங்கள் அந்நியமாகத் தெரிவதில்லை.

அதே ஏப்ரல் தொடக்கத்தில் ஃபோம் மக்களின் மோன்யு வருகிறது. மணமாகிப் போன மகளுக்கும் உடன்பிறந்தாளுக்கும் நல்ல அரிசிக் கள்ளும் சிறப்பு உணவும் சமைத்துக் கொடுத்து ஆண்கள் அன்பு காட்டும் வழக்கம் அதில் உண்டு. பிறந்த வீட்டுச் சீர் என்று நாம் சொல்வதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆவோக்களின் மோஆட்சு மே மாதத் தொடக்கத்தில், விதைப்பு முடிந்த களைப்பு ஆறும்போது வருகிறது. அன்று ஊர் நடுவில் பெருந்தீ மூட்டி, ஆணும் பெண்ணும் தங்கள் சிறந்த உடையில் அதைச் சுற்றி அமர்கிறார்கள். சுமி மக்களின் துலுனி ஜூலை 8; நவம்பரில் அவர்களுக்கே அஹுனா என்ற மற்றொரு விழாவும் உண்டு, அப்போது புது அரிசியை மூங்கில் குழாயில் இட்டு வேகவைத்து உண்கிறார்கள். சங்தம் மக்களின் அமோங்மோங் செப்டம்பர் தொடக்கத்தில் வருகிறது. அதில் வணங்கப்படுவது வீட்டுத் தெய்வமும் அடுப்பின் மூன்று கற்களும். மற்ற மொருங்குகளில் இறகையும் ஈட்டியையும் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டம், இந்த மூன்று கற்களை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ அந்த நாளில் கண்டவற்றுள் மிக உயர்ந்தது அதுதான் என்று பட்டது.

ரெங்மாக்களின் ங்காடா, அறுவடை முடிந்து நவம்பர் இறுதியில் வருவது. முன்பெல்லாம் ஊர்ப் பூசாரி, எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி உரத்த குரலில் அதை அறிவிப்பாராம். தேதியை அச்சிட்ட நாட்காட்டிக்கு முன் அந்தக் குரல்தான் நாட்காட்டி. இன்று அரசு விடுமுறைக்காகப் பெரும்பாலான விழாக்களுக்கு ஆங்கில மாதத்தில் நிலையான நாள் குறித்திருக்கிறார்கள். மழை தாமதித்தாலும் விழா தாமதிப்பதில்லை.

ஆவோ மொருங்கில் த்சுங்கோதெப்சு என்னும் போர்வையைக் கையில் எடுத்துப் பார்க்க விட்டார்கள். கருப்பும் சிவப்புமான பட்டைகளை இடுப்புத் தறியில் பெண்கள் நெய்கிறார்கள். நடுவில் ஓடும் வெள்ளைப் பட்டையில் மட்டும் ஆண்கள் கரிய சாயத்தால் யானை, புலி, மிதுன் மாடு, சேவல், ஈட்டி, மனிதத் தலை ஆகியவற்றைத் தீட்டுகிறார்கள். பகைவரின் தலையைக் கொய்தவனும், மிதுனை வெட்டி ஊருக்கு விருந்திட்டவனுமே இதை அணியலாம் என்பது பழைய விதி. கடைத்தெருவில் இப்போது யாரும் வாங்கலாம். வாங்கினேன், அணியவில்லை, இதுவரை ஓர் ஊருக்கும் நான் விருந்திட்டதில்லை.

நண்பகலில் புகையில் வாட்டிய பன்றியிறைச்சியும் மூங்கில் குருத்தும் சோறும் உண்டேன். புளிக்கவைத்த சோயாவான அகுனியின் மணத்துக்கு மூக்கு பழகச் சிறிது நேரமாகும். நாக்கு உடனே பழகிவிடுகிறது. மூங்கில் குவளையில் அரிசிக் கள் வந்தது. 1989ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் உள்ள மாநிலம் இது என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

டிசம்பர் 3, கோஹிமா

ஓய்வு நாள். கடைத்தெருவில் பட்டுப்புழு, குளவிப்புழு, நத்தை, தவளை ஆகியவை தட்டுகளில் உயிரோடு நெளிந்தன. பிறகு போர்க் கல்லறைக்குப் போனேன். 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை ஜப்பானியப் படையோடு நடந்த கோஹிமாப் போரில், மாவட்ட ஆட்சியரின் டென்னிஸ் மைதானத்துக்கு இரு பக்கமும் பதுங்கி நின்று சண்டையிட்டிருக்கிறார்கள். 1,420 கல்லறைகள் உள்ளன. மேலே, எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் ஒரு நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தம் ஊர் இரு வெளிநாட்டுப் படைகளின் களமாகிச் சாம்பலான கதையை நாகர்கள் குடும்பங்களில் இன்னும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சாம்பலுக்குக் கல்வெட்டு இல்லை.

டிசம்பர் 4, கோனோமா

கோஹிமாவிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டர். அங்காமி மக்களின் இந்த ஊர், 1879இல் ஆங்கிலேய அதிகாரி டமன்ட்டைக் கொன்றுவிட்டு, மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கி, 1880 மார்ச்சில்தான் பணிந்தது. ஊருக்குள் மூன்று கேல்கள், அதாவது மூன்று குடிப் பிரிவுகள். மெர்ஹு, செமோ, தெவோ என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட்டையும் கல்வாயிலும் இருந்தன.

கீழே பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியான நெல்வயல். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிறது. மேலே சரிவுகளில் ஆல்டர் மரங்கள் தலை வெட்டப்பட்டு, அடிமரம் முண்டும் முடிச்சுமாக நிற்கின்றன. இங்கே புனத்துக்காக மரத்தை வேரோடு அழிப்பதில்லை. தலையைக் கொய்து விட்டால் அது மீண்டும் தழைக்கிறது. வேரில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், நிலத்தை நெடுங்காலம் தரிசாக விட வேண்டியதும் இல்லை. 1998இல் இவ்வூரார் தாமாகவே வேட்டையை நிறுத்தி, மாநிலப் பறவையான டிராகோபன் என்னும் மலைக்கோழிக்காகத் தங்கள் காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள். வேட்டைத்திறமே ஆண்மை என்று பாடிவந்த ஊரில் இந்த முடிவை எடுக்க எத்தனை இரவுக் கூட்டங்கள் நடந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

தங்கிய வீட்டின் அம்மையார் அடுப்படியில் உட்காரவைத்துச் செக்ரென்யியைப் பற்றிச் சொன்னார். அங்காமி நாட்காட்டியில் கெசெய் மாதத்தின் 25ஆம் நாள், அதாவது பிப்ரவரி 25இல் தொடங்கிப் பத்து நாள் நடக்கும் தூய்மை விழா அது. முதல் நாள் கிசியே. சாடியின் மேல் தெளிந்து நிற்கும் அரிசிக்கள்ளில் சில துளிகளை இலையில் இட்டு, வீட்டின் மூன்று முதன்மைத் தூண்களின் அடியில் இல்லத் தலைவி வைக்கிறாள். அதற்கு முந்தைய இரவே ஊர்க் கிணற்றைத் தூய்மை செய்து, இளைஞர்கள் காவல் நிற்கிறார்கள். பெண்கள் எவரும் அங்கே நீர் எடுக்கக்கூடாது. விடியும் முன் ஆண்கள் போய், யாரும் கலைக்காத அந்த நீரில் குளிக்கிறார்கள். அதற்கு 'உறங்கும் நீரைத் தொடுதல்' என்று பெயர். பிறகு வெள்ளை ஒன்றும் கருப்பு ஒன்றுமாக இரண்டு புதுப் போர்வைகளை அணிந்து, மார்பிலும் முழங்காலிலும் வலக்கையிலும் நீரைத் தெளித்துக்கொள்கிறார்கள். நோயும் கேடும் அந்த நீரோடு போகும் என்பது நம்பிக்கை. நான்காம் நாளிலிருந்து தெக்ரா ஹியே: இளம் ஆண்களும் பெண்களும் எதிரெதிரே அமர்ந்து நாள் முழுவதும் பழம்பாட்டுப் பாடுவது. விழா முடியும்வரை வயலில் வேலை கிடையாது.

"பெண்களை ஏன் கிணற்றில் விடுவதில்லை?" என்று கேட்டேன். "அன்று ஒரு நாளாவது ஆண்கள் அந்தக் கிணற்றைக் கவனிக்கட்டுமே" என்று அவர் சிரித்தார். மானுடவியல் நூல்கள் இந்த விலக்குக்குப் பல விளக்கங்கள் தருகின்றன. அவற்றுள் எதிலும் இதைப் படித்த நினைவில்லை.

ஊர் வழியில் நெடுகல் வரிசைகள் இருக்கின்றன. முதலில் நம் ஊர் நடுகற்கள் என்றே நினைத்தேன். நடுகல் செத்த வீரனுக்கு எடுப்பது. இங்கே நிற்பவற்றில் பல, உயிரோடு இருந்தவன் தானே எடுத்துக்கொண்டவை. களஞ்சியம் நிறைந்தவன் ஊர் முழுவதற்கும் பலமுறை விருந்திட்டு, தன் செல்வத்தை ஏறக்குறையக் கரைத்த பிறகு, ஊராரே மலையிலிருந்து கல்லை மரச்சறுக்கில் ஏற்றி இழுத்து வந்து நாட்டுவார்கள். அவன் வீட்டு முகட்டில் மரக்கொம்பு வைக்கவும் தனிப் போர்வை அணியவும் உரிமை கிடைக்கும். சேர்த்தவனுக்கு அல்ல, கொடுத்துத் தீர்த்தவனுக்கே கல். புறநானூற்று வள்ளல்கள் பாட்டில் நிற்கிறார்கள். இவர்கள் கல்லில் நிற்கிறார்கள்.

டிசம்பர் 5, மீண்டும் கிசாமா

கோனோமாவிலிருந்து திரும்பும் வழியில் அரை நாள் இறங்கினேன். எண்ணெய் தடவிய மூங்கிலில் ஏறும் போட்டியும், ராஜா மிளகாய் தின்னும் போட்டியும் உண்டு. முதல் நாள் எனக்கு வெறும் காட்சிப்பொருளாகத் தெரிந்த ஆட்டங்களை இன்று வேறு கண்ணோடு பார்த்தேன். ஒரு குழு ஆடும்போது, அடுத்த மலையிலிருந்து வந்த வேறொரு குழு வேலியருகே நின்று உன்னிப்பாகக் கவனித்தது. ஒருவர் தலையை ஒருவர் கொய்த ஊர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அண்டை மக்களின் பாட்டை முழுதாகக் கேட்பதே தங்களுக்கு இங்கேதான் வாய்த்தது என்று ஒரு மாணவி சொன்னார். பருவம் தப்பிய விழா என்று நான் நினைத்தது சரிதான். ஆனால் வெளியூர்க்காரனுக்காக மட்டும் நடப்பது என்று நினைத்தது தவறு.

டிசம்பர் 6, வோகா வழியாக மோகோக்சுங்

நாள் முழுவதும் சாலை. வோகா லோத்தா மக்களின் நாடு. அருகிலுள்ள டோயாங் நீர்த்தேக்கத்துக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் அமுர் வல்லூறுகள் சைபீரியப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் பெருங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. 2012வரை வலை விரித்துக் கொன்று விற்ற ஊர்கள், 2013இல் வேட்டையை அறவே நிறுத்தின. நான் வந்தபோது பறவைகள் போய்விட்டிருந்தன.

வண்டியோட்டி லோத்தா. தொகு எமோங்கைப் பற்றி அவர்தான் வழியெல்லாம் பேசினார். நவம்பர் 7இல் தொடங்கும் அந்த அறுவடை விழாவில் வீடு வீடாகத் தானியம் தண்டி, பூசை செய்து, அந்த ஆண்டில் இறந்தவர்களை நினைத்து வழியனுப்புவார்கள். அது முடிந்த பிறகே, அவ்வாண்டில் நிச்சயமானவர்களுக்குத் திருமணம். விழா தொடங்கும்போது ஊருக்குள் அயலான் எவனாவது இருந்தால், சூரியன் மறையும் முன் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். தவறினால் விழா முடியும்வரை ஊரைவிட்டு நகரக்கூடாது. "சிறை போல அல்லவா?" என்றேன். "ஒன்பது நாளும் ஊர்தானே சோறு போடும்" என்றார்.

டிசம்பர் 7, உங்மா

ஞாயிற்றுக்கிழமை. நாகாலாந்தில் ஞாயிறு என்றால் கடை, வண்டி, சந்தை எல்லாம் அடைப்பு. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் ஏறக்குறைய 88 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். அமெரிக்கப் பாப்டிஸ்டு ஊழியர் எட்வர்ட் கிளார்க் 1872இல் ஆவோ நாட்டுக்குள் வந்ததிலிருந்து தொடங்கிய மாற்றம் அது. தொடக்ககால ஊழியர்கள் அரிசிக் கள், மொருங், விருந்துக்கல், பழம்பாட்டு ஆகிய அனைத்தையும் ஒருசேர விலக்கினார்கள். இழப்பு பெரிது என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் எழுத்து, பள்ளி, தலைகொய்தல் ஒழிந்தது ஆகியவையும் அந்த வழியே வந்தன என்று இங்கே பலர் எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். இன்று பெரும்பாலான விழாக்கள் செபத்தோடு தொடங்குகின்றன.

உங்மா, மோகோக்சுங் நகரை ஒட்டிய ஆவோ ஊர்களில் மிகப் பெரியது. ஆராதனை முடிந்து மக்கள் வெளியே வரும்வரை மர மேளத்தின் அருகே காத்திருந்தேன். ஒரே அடிமரத்தைக் குடைந்து, ஒரு முனையில் விலங்கின் தலை செதுக்கிய நீண்ட மேளம் அது. பகை வந்தாலும், தீப்பிடித்தாலும், பெரியவர் இறந்தாலும், விழா வந்தாலும் அதை முழக்குவார்கள். முழக்கும் முறையை வைத்தே செய்தி இன்னது என்று வயலில் இருப்பவன் அறிவான்.

கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து கோயிலிலிருந்து வந்த முதியவர் ஒருவர், என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்து நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். விதைப்பு முடிந்த பிறகு வாருங்கள், மோஆட்சுத் தீயைப் பார்க்கலாம் என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். ஆவோக்களுக்கு முன்பு எழுத்து இருந்ததாம். அதை ஒரு விலங்குத் தோலில் எழுதிச் சுவரில் மாட்டிவைத்திருந்தார்கள். நாய் ஒன்று அதை இழுத்துத் தின்றுவிட்டது. அன்றுமுதல் எல்லாவற்றையும் பாட்டிலும் போர்வையிலும் மனத்திலுமே வைத்துக்கொண்டார்கள். நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தவர், குறிப்பேட்டின் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தோல் இல்லையே? நல்லது" என்று சொல்லி நடந்தார்.